எள் டிரெஸ்ஸிங்குக்கு அரைப் பத்தி ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் பச்சைக் காய்கறி சாலட் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். காயைப் பார்த்து வாங்குவது, கழுவுவது, நறுக்குவது எல்லாவற்றையும் பொறுமையாக எழுதியிருந்தார்கள். சாலட்டின் மேல் ஊற்றிக் கலக்கும் டிரெஸ்ஸிங் என்று வந்ததும் இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். ருசி வேண்டுபவர்கள் கடையில் விற்கும் எள் டிரெஸ்ஸிங்கை ஊற்றிக்கொள்ளலாமாம். எடை குறைக்க நினைப்பவர்கள் எண்ணெயே சேர்க்காமல் எலுமிச்சைச் சாறு மட்டும் பிழிந்துகொள்ளலாமாம். இந்த இரண்டு வரியுமே வாசகர்களுக்கு நல்லது செய்யாது என்று நினைக்கிறேன். காரணங்களைச் சொல்லிவிடுகிறேன், சற்று நீளமாகவே.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பொடி எழுத்து எங்கே இருந்தாலும் கண் தானாக அங்கே போய்விடும். என் மனைவிக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் ராத்திரி சாலட் என் பொறுப்பு. அந்தச் சமயத்தில் உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு பாட்டில் எள் டிரெஸ்ஸிங் வாங்கிவந்து கொடுத்தார். முகப்பில் பெரிய எழுத்தில் எள் என்று போட்டு, வறுத்த எள் மணிகள் கொட்டிக்கிடப்பது போலப் படமும் இருந்தது. பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தேன். முதலில் தண்ணீர், அடுத்து சோயா எண்ணெய், பிறகு சர்க்கரை, வினிகர், சோயா சாஸ், உப்பு. எள் எண்ணெய் அந்த உப்புக்கும் கீழே இருந்தது.

இதற்கு என்ன பொருள் என்று எல்லா வாசகர்களுக்கும் தெரிய வேண்டும். பொதியிட்ட உணவில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் 1985-ஆம் ஆண்டுப் பொது விதிகளிலேயே இது இருக்கிறது. மிகக் குறைந்த அளவில், அதாவது சுமார் 2 சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்ப்பவற்றை மட்டும் முன்பின்னாக எழுதச் சில நாடுகள் இடம் தருகின்றன. அந்தச் சலுகையைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும் முடிவு ஒன்றுதான்: எள்ளுக்காக வாங்கும் பாட்டிலில் எள் எண்ணெய் ஒன்று உப்பைவிடக் குறைவு, இல்லையென்றால் இரண்டு சதவீதத்துக்குள். அதே பட்டியலின் அடியில் சாந்தன் கம் என்று ஒரு கோந்து இருந்தது. அதைக் கண்டு நான் பயப்படவில்லை. எண்ணெயும் நீரும் பிரியாமல் இருக்க அனுமதிக்கப்பட்ட பொருள்தான் அது. எனக்கு உறுத்தியதெல்லாம் எள்ளின் பங்கும், உப்பும் சர்க்கரையும் நின்ற இடமும்தான்.

வீட்டில் செய்வதற்கு மூடி போட்ட ஒரு கண்ணாடி ஜாடியும் அளவுக் கரண்டிகளும் போதும். எள்ளை வறுக்கும் நேரமும் கலவையை ஊறவிடும் நேரமும் போக ஐந்து நிமிட வேலை. ஆனால் எந்த எள் எண்ணெய் என்பதில் தெளிவு வேண்டும். எள் எண்ணெயில் இரண்டு ஜாதி உண்டு. எள்ளை வறுக்காமல் ஆட்டி எடுப்பது வெளிர் மஞ்சளாக, அடக்கமான வாசனையோடு இருக்கும். நன்றாக வறுத்த எள்ளிலிருந்து எடுப்பது அடர் பழுப்பாக, மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் மணத்தோடு இருக்கும். வறுக்கும்போது எள்ளில் உள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து பைரசின் போன்ற மணச் சேர்மங்களை உண்டாக்குகின்றன. அந்த மணம் முழுக்க எண்ணெயில் இறங்கிவிடுகிறது. எனவே வறுத்த எள் எண்ணெயை எண்ணெய் என்று நினைத்து ஊற்றக் கூடாது, மணப்பொருள் என்று நினைத்துத்தான் சேர்க்க வேண்டும். மூன்று பங்கு வெளிர் எண்ணெய்க்கு ஒரு பங்கு போதும். முழுக்க அதையே ஊற்றினால் வெள்ளரி, கேரட், கீரை என்று எதன் ருசியும் தெரியாது, எள் மட்டுமே நாக்கில் நிற்கும். கடுகெண்ணெய், ஆலிவ் எண்ணெய் போலத் தனக்கென்று வாசனை உள்ளவற்றை இதோடு சேர்ப்பதையும் நான் விரும்புவதில்லை. இரண்டு மணமும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

அடுத்தது எள் மணி. இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். அடி கனமான வாணலியை மிதமான தீயில் வைத்து, எண்ணெய் விடாமல், எள்ளை ஒரே பரப்பாகக் கொட்டிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் எதுவும் நடக்காதது போலத் தோன்றும். பிறகு ஈர வாசனை போய்ப் பருப்பு வாசனை எழும். ஒன்றிரண்டு மணிகள் துள்ளும். தட்டையாக இருந்த எள் சற்றே உப்பி, விரலால் நசுக்கினால் நொறுங்கும். வெளிர் பொன்னிறம் வந்ததுமே அடுப்பை அணைத்து உடனே ஒரு தட்டில் கொட்டிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அதன் சூடே மேலும் வறுத்துக் கசப்பாக்கிவிடும். கறுப்பு எள்ளில் நிறத்தைப் பார்த்துப் பக்குவம் சொல்ல முடியாது. காதும் மூக்கும்தான் சொல்ல வேண்டும். அதனால் புதிதாகச் செய்பவர்கள் வெள்ளை எள்ளில் தொடங்குவது நல்லது. ஆறிய எள்ளில் பாதியைச் சின்ன உரலில் ஒன்றிரண்டாகப் பொடிக்கிறேன், மீதியை முழுசாகப் போடுகிறேன். முழு எள்ளின் தோல் உறுதியானது. மெல்லாமல் விழுங்கிவிட்டால் ருசியும் தராது, சத்தும் தராது. பொடித்ததோ டிரெஸ்ஸிங்கில் உடனே கலந்து அதைக் கொஞ்சம் கெட்டியாக்கும். எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய் என்பதால் பொடித்து வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே பொடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு அளவு இது: அரிசி வினிகர் இரண்டு மேசைக்கரண்டி, சோயா சாஸ் இரண்டு தேக்கரண்டி, தேன் ஒரு தேக்கரண்டி, துருவிப் பிழிந்த இஞ்சிச் சாறு ஒரு தேக்கரண்டி, கடுகுப் பொடி அரைத் தேக்கரண்டி, வறுக்காத எள் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, வறுத்த எள் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, வறுத்த எள் ஒரு மேசைக்கரண்டி. தனியாக உப்பு கிடையாது. வினெக்ரெட், அதாவது வினிகரும் எண்ணெயும் கலந்த டிரெஸ்ஸிங் என்றால் ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு எண்ணெய் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது புளிப்பு மிகுந்த திராட்சை ஒயின் வினிகரை மனத்தில் வைத்துச் சொன்ன கணக்கு. அதில் அமிலம் 6 அல்லது 7 சதவீதம் வரை இருக்கும். அரிசி வினிகரில் பெரும்பாலும் 4 சதவீதத்தைச் சுற்றியே இருக்கும் என்பதால் ஒன்றுக்கு இரண்டு போதும். எண்ணெயும் அந்த அளவுக்கு மிச்சம். வினிகர் பாட்டிலில் இந்தச் சதவீதம் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். எலுமிச்சைச் சாறும் ஊற்றலாம், ஆனால் அதன் மணம் மறுநாளே மங்கிவிடும். அன்றைக்கே தீர்த்துவிடுவதாக இருந்தால் மட்டும் எலுமிச்சை.

கலக்கும் வரிசையை யாரும் எழுதுவதே இல்லை. உப்போ சர்க்கரையோ தேனோ எண்ணெயில் கரையாது. எண்ணெயை முதலில் ஊற்றிவிட்டு அவற்றைப் போட்டால் அடியில் தங்கி, ஒரு வாய் சப்பென்றும் அடுத்த வாய் கரிப்பாகவும் இருக்கும். ருசி போதவில்லை என்று மேலும் உப்பு போடுவது அப்போதுதான். எனவே வினிகர், சோயா சாஸ், தேன், இஞ்சி, கடுகுப் பொடி இவற்றை முதலில் ஜாடியில் போட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் அப்படியே விடுகிறேன். தேன் முழுக்கக் கரையும், இஞ்சியின் காட்டமும் தணியும். அதன் பிறகுதான் எண்ணெய்.

ஜாடியில் மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குலுக்கினாலும் உள்ளே அசைய இடமிருக்காது. மூடியை இறுக்கி அரை நிமிடம் பலமாகக் குலுக்கினால் மேலே மிதந்த எண்ணெய் நுண்ணிய துளிகளாக உடைந்து, தெளிவாக இருந்த இரண்டு அடுக்கும் மங்கி ஒன்றாகிக் கொழகொழவென்று ஜாடியின் சுவரில் படியும். கடுகு இங்கே காரத்துக்காக மட்டும் இல்லை. கடுகின் தோலில் உள்ள பசைப்பொருள் எண்ணெய்த் துளிகளைச் சுற்றிக்கொண்டு அவை மறுபடி ஒன்றுசேராமல் தடுக்கிறது. கடுகு பிடிக்காதவர்கள் நைசாக அரைத்த எள் விழுது ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். அதுவும் இந்த வேலையைச் செய்யும், எள் ருசியும் கூடும். என்ன செய்தாலும் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலே வரத்தான் செய்யும். அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. மறுபடி குலுக்கினால் போதும்.

ருசி பார்ப்பதைக் கரண்டியால் செய்யாதீர்கள். கரண்டியில் எடுத்து நக்கினால் எந்த டிரெஸ்ஸிங்கும் புளிப்பாகவும் கரிப்பாகவும்தான் தெரியும். சாலட்டில் போடப்போகும் இலை ஒன்றை, இல்லையென்றால் வெள்ளரித் துண்டு ஒன்றைத் தோய்த்து மென்று பாருங்கள். எங்கள் வீட்டில் இதை என் மனைவிதான் செய்வாள். “ஏங்க, இன்னிக்கு இஞ்சி தூக்கலா இருக்கு” என்றால் இன்னும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விழும். அவள் நாக்குக்குத் தப்பி எதுவும் மேசைக்கு வந்ததில்லை.

உப்புக் கணக்குக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழே, அதாவது சுமார் ஐந்து கிராம் உப்புக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாதாரண சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் மட்டும் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஆகவே அந்த ஒரு பொருளை அளந்து போட்டாலே பாதிக் கட்டுப்பாடு கைக்கு வந்துவிடும். நான் சொன்ன அளவில் இரண்டு தேக்கரண்டி சோயா சாஸ், சுமார் 600 மில்லிகிராம். அது ஏழு மேசைக்கரண்டி டிரெஸ்ஸிங்கில் பரவியிருக்கிறது. ஒருவருக்கு இரண்டு மேசைக்கரண்டி வைத்தால் சுமார் 170 மில்லிகிராம்தான். எள்ளின் மணமும் வினிகரின் புளிப்பும் சேர்ந்திருப்பதால் உப்பு குறைந்தது நாக்குக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. மருத்துவர் சொன்ன உணவை முகம் சுளிக்காமல் ஒருவர் சாப்பிடுவது சின்ன விஷயம் இல்லை. இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

கட்டுரையின் இரண்டாவது வரி, எண்ணெயே வேண்டாம் என்பது. கேரட்டிலும் கீரையிலும் தக்காளியிலும் உள்ள கரோட்டினாய்டுகள் என்னும் நிறச்சத்துகள் கொழுப்பில் கரைபவை. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், கீரையும் கேரட்டும் தக்காளியும் போட்ட சாலட்டைக் கொழுப்பில்லாத டிரெஸ்ஸிங்கோடும், 6 கிராம் எண்ணெய் உள்ளதோடும், 28 கிராம் எண்ணெய் உள்ளதோடும் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். கொழுப்பில்லாத டிரெஸ்ஸிங்கோடு சாப்பிட்டபோது கரோட்டினாய்டுகள் உடம்பில் சேர்ந்தது கிட்டத்தட்ட இல்லை என்றே ஆனது. எண்ணெய் கூடக்கூட அதுவும் கூடியது. கலந்துகொண்டவர்கள் ஏழே பேர், சிறிய ஆய்வுதான். ஆனால் கொழுப்பில் கரையும் பொருளைக் கொழுப்பில்லாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அது தெளிவாகவே காட்டுகிறது. கலோரிக்குப் பயப்படுபவர்களுக்கும் பதில் உண்டு. என் அளவில் ஒருவருக்கு விழுவது ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், 120 கலோரி. அதுவும் அதிகம் என்றால் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அடியோடு எடுத்துவிடுவது காய்க்குச் செலவழித்த பணத்தையும் உழைப்பையும் வீணாக்குவது.

இலைகளுக்கு ஒரு வார்த்தை. கழுவிய இலையில் ஈரம் இருந்தால் எந்த டிரெஸ்ஸிங்கும் ஒட்டாமல் வழிந்து கிண்ணத்தின் அடியில் தேங்கும். சுத்தமான துணியில் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இலையின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. அது நீரைத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. பிரிந்து நிற்கும் எண்ணெய் இலைக்குள் ஊடுருவிச் சீக்கிரமே கருக்கித் துவளச் செய்யும். நன்றாகக் குலுக்கிய கலவையில் எண்ணெய் துளித்துளியாக நீருக்குள் அடங்கியிருப்பதால் இலை அதிக நேரம் தாங்கும். ஆனாலும் மென்மையான இலைகளைச் சாப்பிட உட்காரும்போதுதான் கலக்க வேண்டும். முட்டைக்கோஸும் கேரட்டும் அரை மணி முன்பே கலந்தால் இன்னும் நன்றாக ஊறும்.

பூண்டு விரும்பும் வாசகர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைக்கக் கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள், அமிலம் இல்லாத இடத்தில், பாட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில், எண்ணெயில் போட்டுக் குளிரூட்டாமல் வைத்த நறுக்கிய பூண்டினால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். அந்த நஞ்சுக்கு வாசனை கிடையாது, ருசியும் மாறாது. வினிகர் சேர்ந்த டிரெஸ்ஸிங்கில் ஆபத்து குறைவு என்றாலும், எண்ணெய் மூடிய பூண்டுத் துண்டுக்குள் புளிப்பு முழுதாக ஏறியிருக்கும் என்று நம்பிவிட முடியாது. பூண்டு சேர்த்தால் ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பூண்டு சேர்க்காததை நான் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைப்பேன், அதற்கு மேல் இல்லை. தேன் சேர்ந்தது என்பதால் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் பக்கம் இதைக் கொண்டுபோகவே கூடாது.

எள் ஒவ்வாமையும் அப்படித்தான். என் பேத்தியின் தோழி ஒருத்திக்கு எள் ஒரு துளி பட்டாலும் உதடு வீங்கிவிடும். அவள் வரும் நாளில் எள் இருந்த ஜாடி, கரண்டி எதையும் வெளியே எடுப்பதில்லை; அவளுக்கு வேறு எண்ணெயில், புது ஜாடியில் கலக்குகிறேன். எள் மணி இல்லாவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். செக்கிலோ அழுத்தியோ எடுத்துச் சுத்திகரிக்காத எள் எண்ணெயிலும் எள்ளின் புரதம் தங்கியிருக்கும்; ஒவ்வாதவர்கள் எண்ணெயையும் தவிர்க்க வேண்டும். அமெரிக்காவில் 2021-இல் சட்டம் இயற்றி, 2023 ஜனவரி 1 முதல் எள்ளை ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாக உறையில் அச்சிட வேண்டும் என்று ஆக்கினார்கள். அதற்கு முன்பு மசாலா, மணமூட்டி போன்ற பொதுச் சொற்களுக்குள் எள் மறைந்துகொள்ள முடிந்தது. உணவுப் பொதிக்கு வேண்டிய எச்சரிக்கை நாளிதழில் வரும் செய்முறைக்கும் வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இனி சாலட் பற்றி எழுதும்போது டிரெஸ்ஸிங்குக்கு அரைப் பத்தி ஒதுக்குங்கள். அளவு, கலக்கும் வரிசை, எத்தனை நாள் வைக்கலாம் என்பது, எள் ஒவ்வாதவர்கள் தவிர்க்க வேண்டும் என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். அளவுகளை அச்சிடும்போது மே.க., தே.க. என்று சுருக்காமல் மேசைக்கரண்டி, தேக்கரண்டி என்று முழுதாகப் போடச் சொல்லுங்கள். ஓர் எழுத்து மாறிப்போனால் இரண்டு தேக்கரண்டி சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி ஆகிவிடும், சோடியம் மூன்று மடங்காகும். மெய்ப்புப் பார்ப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்தப் பிழை கண்ணில் படாது, ஏனென்றால் இரண்டுமே சரியான சொல். இந்தக் கடிதத்துக்கு முழு இடம் இல்லையென்றால் அளவு உள்ள பத்தியையும் பூண்டு, ஒவ்வாமை பற்றிய பத்திகளையும் மட்டும் வெளியிட்டு மற்றதை வெட்டிவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்